'அரிட்' என்னும் சொல்லும் இராமநாதபுரத்து வறட்சியும்

'அரிட்' என்பது மிகுந்த வறட்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். உலர்ந்தது என்று பொருள்படும் 'அரிதுஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. 'ட்ரவுட்' என்பது வேறொரு சொல். இவ்விரண்டையும் தமிழில் 'வறட்சி' என்றே எழுதிவிடுகிறோம். தேர்வுத் தாளில் மாணவர்கள் செய்யும் இந்தப் பிழையை ஊர் வழக்கும் செய்துள்ளது. அதனால் இராமநாதபுரம் மாவட்டத்துக்குத் 'தண்ணியில்லாக் காடு' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இரு சொற்களின் வேறுபாடு

'அரிட்' என்பது ஒரு நிலப்பகுதியின் நிலையான காலநிலை. ஆண்டுக்கு ஏறத்தாழ 250 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறும் பகுதிகளைப் புவியியலார் பொதுவாக இவ்வாறு வகைப்படுத்துவர். இராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதி இதற்கு எடுத்துக்காட்டு. 'ட்ரவுட்' என்பது வழக்கமான மழை பொய்த்த காலத்தின் நிலை. மழை வளமுள்ள ஊருக்கும் இது வரலாம். மழை பெய்தால் நீங்கிவிடும்.

பழந்தமிழரும் இந்த வேறுபாட்டை உணர்ந்திருந்தனர். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்ற கருத்து சிலப்பதிகாரத்தில் உள்ளது. அதாவது, பாலை என்பது வந்து நீங்கும் நிலை.

இராமநாதபுரம் எந்த வகை?

இம்மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 800 மி.மீ. எனவே இது 'அரிட்' அன்று. ஆனால் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. வைகையில் வெள்ளம் வரும் காலத்தில்தான் நீர் கிடைக்கும். மூன்று மாத மழையை எஞ்சிய மாதங்களுக்குச் சேர்த்து வைப்பதே இம்மண்ணின் சிக்கல்.

முன்னோர் செய்த ஏற்பாடு

பாசனத்துக்குக் கண்மாய், குடிநீருக்கு ஊருணி என இரண்டையும் முன்னோர் தனித்தனியே அமைத்தனர். ஏந்தல், குளம் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். வைகை நீர் இராமநாதபுரம் பெரிய கண்மாயை வந்தடைகிறது. ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று மக்கள் பெருமையாகச் சொல்வர். பருவமழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் நெல் விதைக்கும் புழுதி விதைப்பும் இம்மழைக்கு ஏற்ற முறையே.

சேதுபதி சீமையின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, மேற்கே பாயும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப வழி உண்டா என்று ஆராய்ந்தார். செலவு மிகுதியால் அது கைவிடப்பட்டது. பின்னர் பென்னிகுவிக் பெரியாறு அணையைக் கட்டினார். அது 1895இல் திறக்கப்பட்டது.

இராமேஸ்வரம் தீவில் சேமிப்பை மணலே செய்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரின்மேல் கனம் குறைந்த படலமாகத் தங்குகிறது. தனுஷ்கோடியில் கடலுக்கு மிக அருகிலேயே மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதை இன்றும் காணலாம். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் மேலேறிவிடும்.

சொல்லில் என்ன இருக்கிறது?

இப்பகுதியை 'அரிட்' என்று நம்பினால், வறட்சியை விதி என்று ஏற்றுக்கொள்வோம். அப்போது கண்மாயில் மண் மேடிட்டாலும், சீமைக் கருவேலம் மண்டினாலும், வரத்துக்கால் அடைபட்டாலும் கவலை எழாது. மழை பெய்த ஆண்டிலும் தண்ணீர் தங்காது, கடலுக்குப் போய்விடும். பிறகு பழி வானத்தின்மேல் விழும்.

எனவே மாணவர்கள் 'அரிட்' என்பதை 'வறண்ட காலநிலை' என்றும், 'ட்ரவுட்' என்பதை 'மழை பொய்த்த வறட்சி' என்றும் பிரித்து எழுதுவது நல்லது. முதலாவதை மாற்றுவது மனிதர் கையில் இல்லை. இரண்டாவதை, மழைக்கு முன் கண்மாயையும் வரத்துக்காலையும் தூர்வாரி வைத்த ஊர் தாங்கிக்கொள்ளும்.