கருத்தரிப்புச் சிகிச்சைக்குப் பின்: தாய்க்கும் சேய்க்கும் உள்ள அபாயங்கள்

ஐ.வி.எஃப்., இக்ஸி (ஒரு விந்தணுவை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை) ஆகிய சிகிச்சைகளில் கருமுட்டையும் விந்தணுவும் ஆய்வகத்தில் சேர்க்கப்பட்டு, உருவாகும் கரு கருப்பையில் வைக்கப்படுகிறது. ஐ.வி.எஃப். முறையில் உலகின் முதல் குழந்தை லூயிஸ் பிரவுன், 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் பிறந்தார். அதே ஆண்டு அக்டோபர் 3-ல் கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் துர்கா என்ற குழந்தை இதே முறையில் பிறந்தது. இவ்வாறு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். இருந்தாலும், இயல்பான கர்ப்பத்தைவிடச் சில சிக்கல்கள் சற்றுக் கூடுதலாக ஏற்படுகின்றன.

இவற்றில் முதன்மையானது ஒரே சூலில் பல குழந்தைகள் தரிப்பது. பல ஆண்டுகள் ஏங்கிய தம்பதிக்கு 'இரட்டைக் குழந்தை' நற்செய்தியாகவே படும். ஆனால் இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரம் நிறையுமுன் பிறந்துவிடுகிறார்கள். தாய்க்கு உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு ஆகியவை வரும் வாய்ப்பும் கூடுகிறது. ஒரு தடவைக்கு ஒரே கருவை வைத்தால் இந்த அபாயத்தைப் பெருமளவு தவிர்க்க முடியும். 2004-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், ஒரே நேரத்தில் இரு கரு வைத்த பெண்களில் 42.9 சதவீதத்தினர் உயிருள்ள குழந்தை பெற்றனர். முதலில் ஒரு கருவும், அது பலிக்காதபோது உறையவைத்த இன்னொன்றும் வைத்தவர்களில் இது 38.8 சதவீதம். ஆனால் பிரசவங்களில் பல குழந்தைப் பிறப்பு, முதல் பிரிவில் 33.1 சதவீதம், இரண்டாவதில் வெறும் 0.8. சற்றே குறையும் வாய்ப்புக்கு ஈடாகக் கிடைக்கும் பாதுகாப்பு மிகப் பெரியது.

ஒற்றைக் குழந்தையானாலும் கவனம் தேவை. நஞ்சுக்கொடி கருப்பை வாயை மறைத்துக் கீழே அமைவது இக்கர்ப்பங்களில் அதிகம். கரு கருக்குழாயில் தங்கிவிடுவதும் உண்டு. கருமுட்டை வளர்ச்சிக்கான ஊசிகளால் சினைப்பை மிகையாகத் தூண்டப்பட்டால் வயிறு உப்பி, நீர் கோத்து, மூச்சு வாங்கும். கர்ப்பம் தரித்தால் இது தீவிரமாகும். எனவே கருக்களை உறையவைத்து, பின்னொரு மாதத்தில் வைப்பார்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு: கருமுட்டை இயல்பாக வெளியேறாமல், ஹார்மோன் மருந்துகளால் மட்டும் கருப்பையைத் தயார்செய்து உறைகருவை வைக்கும்போது, கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறுகள் கூடுகின்றன. வேறொரு பெண் தானமாகத் தந்த கருமுட்டையால் உண்டாகும் கர்ப்பத்திலும் இதே நிலை.

சிசுவுக்குப் பெரும் ஆபத்து குறைப்பிரசவமே. முதிராத நுரையீரலால் மூச்சுத்திணறலும், விழித்திரைப் பாதிப்பால் பார்வை இழப்பும் நேரலாம். பிறவிக் குறைபாடுகள் பற்றி 2012-ல் வெளியான தெற்கு ஆஸ்திரேலிய ஆய்வில், சிகிச்சையால் பிறந்தோரில் 8.3 சதவீதத்தினருக்கும் இயல்பாகப் பிறந்தோரில் 5.8 சதவீதத்தினருக்கும் குறைபாடு இருந்தது. தாயின் வயது முதலியவற்றைக் கணக்கில் கொண்டபோது ஐ.வி.எஃப். முறையில் வேறுபாடு தெளிவாக இல்லை, இக்ஸியில் நீடித்தது. தம்பதியின் குழந்தையின்மைக்கான காரணமே இதில் ஒரு பங்கு வகிக்கலாம்.

தாயின் வயது ஏற ஏறப் பெரும்பாலான அபாயங்களும் ஏறும். 2019-ல் ஆந்திரத்தின் குண்டூரில், செய்திகளின்படி 74 வயதான பெண் தானக் கருமுட்டையால் இரட்டையரைப் பெற்றது பரபரப்பானது. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் இச்சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என வயது வரம்பு விதித்துள்ளது.

எத்தனை கரு வைக்கப்படுகிறது என்பதைத் தம்பதி முன்கூட்டியே கேட்டறிய வேண்டும். பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் சிகிச்சை விவரத்தை மறைக்கக் கூடாது. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்துவிடுங்கள்.