கார்னோ டி பாசெட்டோ: பட்டம் பெறாத ஒரு விமர்சகரின் கதை

ஜார்ஜ் பெர்னார்ட் ஷா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அவருடைய நாடகங்கள்தான். 1925-ஆம் ஆண்டுக்கான இலக்கிய நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் நாடக ஆசிரியராகப் பெயர் பெறுவதற்கு முன், ஏறக்குறைய பத்தாண்டுகள் லண்டன் பத்திரிகைகளில் புத்தகங்களையும் கச்சேரிகளையும் விமர்சித்துத்தான் அவர் பிழைப்பு நடத்தினார். இலக்கியத்தையோ இசையையோ அவர் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

வீட்டில் கேட்ட இசை

ஷா 1856-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்தார். தாயார் நல்ல பாடகி. அவருக்குக் குரல் பயிற்சி அளித்த வேண்டலூர் லீ என்ற இசை நடத்துநர் அதே வீட்டில் வசித்தார். கச்சேரி ஒத்திகைகள் வீட்டிலேயே நடக்கும். அதைக் கேட்டுக் கேட்டே பெரிய இசைப் படைப்புகள் பல சிறுவன் ஷாவுக்கு மனப்பாடமாகிவிட்டன.

1873-இல் லீ லண்டனுக்குப் போக, தாயாரும் அங்கே போய்விட்டார். பள்ளிப் படிப்பை முன்பே விட்டிருந்த ஷா, நில முகவர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தார். வீட்டில் இசை நின்று போனது. பியானோ மட்டும் மிச்சம். அவருக்கோ வாசிக்கத் தெரியாது. தொடக்கப் பயிற்சிகள் எதையும் தொடாமல், மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி' இசை நாடகத்தின் முன்னிசையை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிக் கற்றுக்கொண்டார். கூட இருந்தவர்களுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நிராகரிக்கப்பட்ட நாவலாசிரியர்

1876-இல் ஷா லண்டன் வந்தார். முதலில் கிடைத்தது வேறொருவர் பெயரில் எழுதும் வேலை. 'த ஹார்னெட்' என்ற இதழுக்கு இசை விமர்சகர் லீதான். ஆனால் எழுதியவர் ஷா. அதுவும் ஓராண்டுக்குள் முடிந்தது. பிறகு 1879 முதல் 1883 வரை ஐந்து நாவல்கள் எழுதினார். பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. முதல் நாவல் அச்சில் வந்தது 1930-இல்தான்!

பகல் முழுவதும் அவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாசகசாலையில் இருப்பார். அங்கே ஒரு பக்கம் கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும், மறுபக்கம் வாக்னரின் 'டிரிஸ்டான்' இசைக்குறிப்பையும் வைத்து மாறி மாறிப் படித்துக்கொண்டிருந்த இளைஞரை வில்லியம் ஆர்ச்சர் என்ற பத்திரிகையாளர் கவனித்தார். இருவரும் நண்பர்களானார்கள். ஆர்ச்சரின் உதவியால் 1885-இல் 'பால் மால் கெஜட்' நாளிதழில் நூல் மதிப்புரை எழுதும் வேலை கிடைத்தது.

வந்த புத்தகங்களில் பெரும்பாலானவை மூன்றாந்தர நாவல்கள். தன் நாவல்களுக்குப் பதிப்பாளர் கிடைக்காத ஒருவர், அதைவிட மோசமான நாவல்கள் அச்சாகி வருவதைப் படித்து மதிப்பிட வேண்டிய நிலை. அந்தக் கசப்பை அவர் நகைச்சுவையாக மாற்றிக்கொண்டார். அரிதாக நல்ல நூல்களும் வந்தன. டார்வினை மறுத்துச் சாமுவேல் பட்லர் எழுதிய நூல் 1887-இல் அவர் கைக்கு வந்தது. பிற்காலத்தில் ஷா பேசிய பரிணாமக் கருத்துகளில் பட்லரின் சாயல் உண்டு.

புனைபெயரின் பின்னணி

1888-இல் 'த ஸ்டார்' என்ற மாலை நாளிதழ் தொடங்கப்பட்டது. அரசியல் எழுதச் சேர்ந்த ஷாவின் சோசலிசம் ஆசிரியருக்கு ஒத்துவரவில்லை. அரசியலை விட்டு இசைப் பகுதிக்கு மாறினார். வாரத்துக்கு 2 கினி சம்பளம். 1889 முதல் 'கார்னோ டி பாசெட்டோ' என்ற பெயரில் எழுதினார். இது உண்மையில் கிளாரினெட் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பழைய காற்றுக் கருவியின் பெயர். யாருக்கும் தெரியாது, வெளிநாட்டுப் பிரபுவின் பட்டம் போலவும் ஒலிக்கும் என்பதால் தேர்ந்தெடுத்தாராம். அதன் சோகமான ஒலியை அப்போதே கேட்டிருந்தால் இந்தப் பெயரை வைத்திருக்கமாட்டேன் என்று பின்னர் எழுதினார்.

1890 முதல் 1894 வரை 'த வேர்ல்ட்' வார இதழில் 'ஜி.பி.எஸ்.' என்ற எழுத்துகளோடு தொடர்ந்தார். அக்கால இசை விமர்சனம் கலைச்சொற்களால் நிரம்பி, சாதாரண வாசகருக்குப் புரியாமல் இருந்தது. இதைக் கேலி செய்ய, ஹாம்லெட்டின் புகழ்பெற்ற தனிமொழியை இலக்கணப் பாடம் போலப் பிரித்து 'ஆராய்ந்து' காட்டினார். ஒவ்வொரு சொல்லும் என்ன வகை என்று தெரிகிறது, ஹாம்லெட்டின் வேதனை மட்டும் தெரியவில்லை! காது கேளாதவரும் ரசித்துப் படிக்கும்படி இசையைப் பற்றி எழுத வேண்டும் என்பதே அவர் கொள்கை.

யானைக்கும் அடி சறுக்கும்

வாக்னரை ஆங்கிலேயர் பலர் ஏற்காத காலத்தில் ஷா அவருக்காக வாதாடினார். அது சரியாகப் போனது. ஆனால் ஜெர்மானிய இசைமேதை பிராம்ஸ் விஷயத்தில் பெரிய தவறு செய்தார். பிராம்ஸின் 'ஜெர்மன் ரெக்வியம்' என்ற இரங்கல் இசையைப் பிணம் ஒன்றுதான் பொறுமையாகக் கேட்க முடியும் என்ற பொருளில் எழுதினார். வாசகர்கள் சிரித்தார்கள். இன்று அந்தப் படைப்பு உலகின் மகத்தான கூட்டிசைப் படைப்புகளில் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

ஷாவின் 1888-89 கட்டுரைகள் 1937-இல் நூலாக வந்தன. பழைய வரிகளை அவர் சத்தமில்லாமல் நீக்கியிருக்கலாம். கேட்பதற்கு யாரும் இல்லை. பிராம்ஸ் 1897-லேயே இறந்துவிட்டார். ஆனால் ஷா அந்த வரிகளை அப்படியே விட்டுவிட்டு, 1936 என்று ஆண்டு குறித்து ஒரு குறிப்பைச் சேர்த்தார். பிராம்ஸைப் பற்றித் தான் எழுதியது அவசரத்தனம், அசட்டுத்தனம் என்றே சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

இதில் முக்கியமானது அவர் சொன்ன காரணம். தெரியாததால் தவறு நேரவில்லை, அதிகம் தெரிந்ததால் நேர்ந்தது என்கிறார். அந்தக் காலத்து இசையின் பொதுவான சரக்கு அவருக்கு அத்துப்படி. அந்தச் சரக்கு பிராம்ஸிடமும் இருந்ததை உடனே அடையாளம் கண்டுகொண்டார். பிராம்ஸ் அதில் புதிதாக ஏற்றிய நிறம் மட்டும் கண்ணில் படவில்லை. பண்டிதர்களைக் கேலி செய்தவர், அந்த இடத்தில் தாமே பண்டிதராகியிருந்தார்.

மிஞ்சியது என்ன?

1894-இல் 'த வேர்ல்ட்' ஆசிரியர் இறந்ததும் ஷா வாராந்திர இசை விமர்சனத்தை விட்டார். ஆனால் எழுதியது வீணாகவில்லை. முறையான இசைக் கல்லூரிப் படிப்பு இல்லாமல் உயர்ந்த எட்வர்ட் எல்கர், இளமையில் பாசெட்டோவின் கட்டுரைகளைப் படித்து ரசித்தவர். பிற்காலத்தில் இருவரும் நெருங்கிய நண்பர்களானார்கள். 1930-இல் தனது 'செவர்ன் சூட்' என்ற படைப்பை எல்கர் ஷாவுக்கே அர்ப்பணித்தார்.

பட்டமில்லாத விமர்சகருக்கு அவருடைய காதும் நேர்மையும்தான் முதலீடு. காது சில நேரம் ஏமாற்றும். அப்போது நேர்மை கைகொடுக்க வேண்டும். ஐம்பதாண்டு தாமதமானாலும், தான் எழுதிய தீர்ப்பைத் தானே திருத்திய அந்தச் சில வரிகள், ஷாவின் கேலிகள் அத்தனையையும்விட உயர்ந்த விமர்சனம் எனலாம்.