பேரேட்டிலிருந்து இணையப் பக்கம் வரை: சிங்கப்பூரில் தமிழ் கணினி ஏறிய கதை

சிராங்கூன் சாலைக் கடைகள் பலவற்றின் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கிறது. கல்லாவில் இருப்பவர் பேசுவதும் தமிழ்தான். ஆனால் கணினி அச்சிட்டுத் தரும் ரசீதில் துவரம் பருப்பும் பச்சரிசியும் பெரும்பாலும் ஆங்கில எழுத்திலேயே வருகின்றன. கணினிக்குத் தமிழ் வராது என்று இதற்குக் காரணம் சொல்வோர் இன்னும் உண்டு. அது உண்மைதானா? சிங்கப்பூரின் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

இந்தத் தீவில் வணிகத்தின் கணக்கு வழக்குகள் தமிழிலேயே நடந்த காலம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த நகரத்தார், மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் தரையில் அமர்ந்து, சாய்வு மேசையின் மேல் பேரேட்டை விரித்து வைத்து எழுதினார்கள். யாருக்கு எவ்வளவு கொடுத்தது, என்ன வட்டி, எப்போது திரும்ப வந்தது என்ற விவரங்கள் எல்லாம் ஆள் ஆளுக்குத் தனித்தனியாகப் பதிவாயின. இன்று மென்பொருள் வல்லுநர்கள் தரவுத்தளம் என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான். எழுதுபவரும் படிப்பவரும் ஒரே முறையைப் பின்பற்றியதால், ஊரில் இருந்த முதலாளியும் அந்தக் கணக்கைப் படிக்க முடிந்தது.

முதல் இயந்திரம்

அலுவலகங்களுக்குத் தட்டச்சுப் பொறி வந்தபோது தமிழுக்கு முதல் சோதனை வந்தது. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள் போதும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247. இத்தனைக்கும் விசை வைத்தால் அந்தப் பொறியை யாரால் இயக்க முடியும்?

இதற்கு வழி கண்டவர் ஆர். முத்தையா. 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் பிறந்த அவர், 1907இல் பிழைப்புத் தேடி இப்பக்கம் வந்தவர். 1930 வரை ஒரு வணிக நிறுவனத்தில் தலைமை எழுத்தராக வேலை பார்த்தார். ஆங்கிலத் தட்டச்சுப் பொறியை அன்றாடம் பார்த்தவருக்கு, தமிழுக்கு ஏன் இது இல்லை என்ற கேள்வி எழுந்தது.

அவர் கண்ட வழி ‘நகரா விசை’. புள்ளி, விசிறி போன்ற குறிகளைத் தட்டினால் தாள் நகராது. அடுத்து மெய்யெழுத்தைத் தட்டும்போது இரண்டும் ஒரே இடத்தில் பதிந்து ஒரே எழுத்தாகும். இதனால் 247 எழுத்துகளும் ஒரு விசைப்பலகைக்குள் அடங்கின. அவருடைய வடிவமைப்பில் ஜெர்மனியில் பொறிகள் உருவாயின. தமிழ் எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்துச் சேர்ப்பது என்ற இந்த எண்ணம், பின்னாளில் கணினிக்கும் அடிப்படையாயிற்று.

ஆளுக்கொரு எழுத்துரு

1981இல் தேசியக் கணினி வாரியம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் அரசாங்கச் சேவையைக் கணினிமயமாக்கும் திட்டமும் தொடங்கியது. 1989 ஜனவரி முதல் தேதி ‘டிரேட்நெட்’ செயல்படத் தொடங்கியபோது, ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிக்கு நாள் கணக்கில் காத்திருந்த வணிகர்களுக்கு நிமிடக் கணக்கில் பதில் கிடைத்தது. பல அலுவலகங்களுக்கு வெவ்வேறு படிவங்கள் நிரப்பி வந்த இடத்தில், எல்லாருக்கும் பொதுவான ஒரே மின்படிவம் வந்ததே அந்த வெற்றியின் ரகசியம். பொதுமுறை ஒன்று இருந்தால்தான் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசும்.

தமிழுக்கு அப்போது அந்தப் பொதுமுறை இல்லை. கணினி எழுத்தை அறியாது, எண்ணைத்தான் அறியும். ஆங்கிலத்தின் பெரிய ‘ஏ’ என்றால் 65 என்பது உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. தமிழ் ‘அ’வுக்கோ எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்தார்கள். சென்னையில் தட்டிய கடிதத்தைச் சிங்கப்பூரில் திறந்தால் புரியாத குறிகள் வரிசை கட்டி நின்றன. எழுதியவரின் எழுத்துரு படிப்பவரிடமும் இருந்தால்தான் தமிழ் தெரியும்.

இந்தச் சூழலில் களம் இறங்கியவர் திரு நா. கோவிந்தசாமி. 1946இல் பிறந்த அவர் கணினிப் பொறியாளர் அல்லர். சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழகத்தின் தமிழ் விரிவுரையாளர். ஆசிரியர்களும் மாணவர்களும் எளிதாகத் தட்டச்சு செய்ய வேண்டும் என்ற தேவையே அவரை இதில் இறக்கியது. அவர் உருவாக்கிய முறைக்குக் ‘கணியன்’ என்று பெயரிட்டார். சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரை நினைவூட்டும் பெயர் அது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ, லியோங் கோக் யோங் ஆகியோர் அவருக்குத் துணை நின்றார்கள். 1995 அக்டோபரில், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் தந்த இணையத்தளத்தை அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்தார். இணையத்தில் தமிழ் தன் எழுத்திலேயே தோன்றிய ஆரம்ப காலப் பக்கங்களில் அது முக்கியமானது. மற்ற மூன்று மொழிகளுக்குச் சமமாகத் தமிழும் அங்கே இடம் பெற்றது.

ஒரே மேசையில்

ஆனால் ஒரு நல்ல எழுத்துரு செய்துவிட்டால் மட்டும் சிக்கல் தீராது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1997 மே மாதம் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ மாநாடு நடந்தது. பல நாடுகளில் தனித்தனியே உழைத்தவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, பொதுக் குறியீடு வேண்டும் என்று பேசினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையையும் தாம், தாப் குறியீடுகளையும் ஏற்றது. அதற்குச் சில மாதங்களில், 1999 மே மாதம், திரு கோவிந்தசாமி காலமானார். அவருக்கு வயது 53.

அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. 2000 ஜூலையில் சிங்கப்பூரில் மீண்டும் கூடிய மாநாட்டில் ‘உத்தமம்’ என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் பிறந்தது. யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீடு படிப்படியாக எல்லாக் கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் வந்தது. இன்று ‘க’ என்றால் 2965. தேக்காவிலும் அதே எண், டொரோண்டோவிலும் அதே எண். இணைய முகவரியைப் பிறமொழி எழுத்துகளிலும் எழுதலாம் என்று 1998இல் டான் டின் வீ குழுவினர் செய்து காட்டிய முயற்சியும் பலன் தந்தது. 2011ஆம் ஆண்டு ‘.சிங்கப்பூர்’ என்ற தமிழ் முகவரி அதிகாரபூர்வமாக இடம் பெற்றது. 2015இல் தமிழ் மின்மரபுத் திட்டம், ஐம்பது ஆண்டுகாலச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவில் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைத்தது.

மிச்சம் இருக்கும் வேலை

ஆகவே கணினிக்குத் தமிழ் வரும். வடிவமைப்பவரிடம் கேட்பதுதான் குறைவு. யூனிகோடு எண் வரிசையில் ‘ன’ என்ற எழுத்து ‘ப’வுக்கு முன்னால் நிற்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது மெய்வரிசையின் கடைசி எழுத்து. இதைக் கவனிக்காமல் மென்பொருள் செய்தால் வாடிக்கையாளர் பட்டியல் அகரவரிசை தவறி வரும். வரிசைப்படுத்தும் விதியைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும். ஆனால் வேண்டும் என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

தேக்காவில் கடை வைத்திருப்பவரானாலும், சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியல் தயாரிப்பவரானாலும், கோயில் நன்கொடைக் கணக்கு வைத்திருப்பவரானாலும், அடுத்த முறை மென்பொருளோ இணையத்தளமோ செய்யக் கொடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்கலாம். பெயரைத் தமிழில் பதிய முடியுமா? தமிழில் தேடினால் கிடைக்குமா? அகரவரிசை சரியாக வருமா? ஓர் எழுத்தரும் ஓர் ஆசிரியரும் தங்கள் வேலைக்கு இடையே வழி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வழியில் நடப்பதற்கு இந்த மூன்று கேள்விகள் போதும்.