பிரசங்கி படித்த பிளெசில்லா

கி.பி. 384 வாக்கில், ரோமாபுரியில் விவிலிய அறிஞர் ஜெரோம், பிளெசில்லா என்ற ஓர் இளம் விதவைக்கு விவிலியத்தின் பிரசங்கி நூலை வாசித்து விளக்கிக்கொண்டிருந்தார். உலகப் பற்றிலிருந்து அவள் மனம் விலக வேண்டும் என்பது அவர் நோக்கம். கடினமான இடங்களுக்கு உரை எழுதித் தரும்படி பிளெசில்லா கேட்டாள். அவர் எழுதத் தொடங்குவதற்குள் திடீரென இறந்துபோனாள். ஏறக்குறைய ஐந்தாண்டு கழித்து, பெத்லகேமில் இருந்தபடி அந்த உரையை முடித்து, அவளுடைய தாய் பவுலாவுக்கும் சகோதரி யூஸ்தோகியத்துக்கும் காணிக்கையாக்கினார்.

எபிரேய ஞானத்தை யூதர்களிடமே கற்க வேண்டும் என்பதில் ஜெரோம் உறுதியாக இருந்தார். பரனினாஸ் என்பவர் பெத்லகேமில் இரவு நேரத்தில் வந்து பாடம் சொன்னார். யோபு நூலைப் புரிந்துகொள்ள, லித்தாவைச் சேர்ந்த ஒரு யூத ஆசிரியருக்குப் பெருந்தொகை கொடுத்தார்.

எதை முதலில் படிப்பது?

மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஒரிஜன் இதற்குப் படிநிலை வகுத்திருந்தார்: நீதிமொழிகள் ஒழுக்கத்துக்கு, பிரசங்கி உலகின் இயல்பை அறிவதற்கு, உன்னதப்பாட்டு இறைக்காட்சிக்கு. 403 வாக்கில், பவுலாவின் பேத்தியை வளர்ப்பது குறித்து அக்குழந்தையின் தாய் லேத்தாவுக்கு எழுதிய கடிதத்தில் ஜெரோமும் அதே வழியில் சென்றார். சங்கீதம் முதலில், பிறகு வாழ்க்கை நெறிக்கு நீதிமொழிகள், பற்றைத் துறக்கப் பிரசங்கி, பொறுமைக்கு யோபு. அதன்பின்பே நற்செய்திகள். உன்னதப்பாட்டு கடைசியில்.

ஏறக்குறைய இரு நூற்றாண்டு கழித்து, கான்ஸ்டான்டிநோபிளில் உடனிருந்த துறவிகளுக்காக யோபு நூலை விளக்கத் தொடங்கினார் கிரகோரி. பின்னர் போப்பான அவர் அதை 35 பகுதிகளாக நிறைவு செய்தார். இடைக்கால ஐரோப்பிய மடங்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்து வாசித்தன.