அடுத்த அட்டையில் ஒரு விரல்

சென்ற மாதம் பெங்களூரிலிருந்து பேரன் வந்திருந்தான். மென்பொருள் வேலை. மடிக்கணினியில் எதையோ வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தான். சில வரிகளுக்கு முன்னால் கழித்தல் குறி, சிலவற்றுக்குக் கூட்டல் குறி.

"என்னடா, கணக்கா?"

"இல்ல தாத்தா. ஜிடிபி-ல ஒருத்தர் மாற்றம் செஞ்சிருக்கார். கழித்தல்னா எடுத்த வரி, கூட்டல்னா சேர்த்த வரி. நான் படிச்சுக் கருத்து சொல்லலாம். ஒப்புதல் தர்ற அதிகாரம் எனக்கு இல்ல."

வரைவுகளைச் சிவப்பு மையில் திருத்தி மேலே அனுப்பியே ஓய்வு பெற்றவன் நான். எனக்கு இது புரியாமல் போகுமா? அவனிடம் கேட்டும், பிறகு தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஜிடிபி என்றதும் பேப்பரில் வரும் நாட்டு உற்பத்திக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். இது குனு டீபக்கர். நிரலில் உள்ள தவறை ஆங்கிலத்தில் 'பக்', அதாவது பூச்சி என்பார்கள். இயந்திரக் கோளாறுக்கு இந்தச் சொல்லை எடிசன் 1878-லேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1947 செப்டம்பர் 9 அன்று, ஹார்வர்டின் மார்க் 2 கணினியின் ரிலேயில் நிஜமாகவே ஒரு விட்டில் பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். அந்தப் பதிவேடு இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் படித்த பிரெஞ்சில் இதை 'போக்' என்கிறார்கள். செஸ்ட்நட் கொட்டையின் முள்தோலுக்கும் அதே பெயர்தான்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். அதன் பகுதியாக 1986-இல் எழுதியதுதான் ஜிடிபி. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று நாடி பிடித்துப் பார்க்கும் கருவி. இதன் மூலத்தை யாரும் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம். ஆனால் அந்த மாற்றம் உள்ளே சேர வேண்டுமானால், அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் படித்து ஒப்புதல் தர வேண்டும்.

ஒரு நிரல் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும். ஒவ்வொரு வேலையும் ஓர் இழை. ஆங்கிலத்தில் த்ரெட், பிரெஞ்சில் 'ஃபீல்', நூல் என்று அர்த்தம். யுனிக்ஸ் கணினிகளில் இழைகளுக்கான பொது விதிமுறை 1995-இல் வந்தது. ஜிடிபி இழைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எல்லாவற்றையும் நிறுத்தவோ ஓட விடவோ வேண்டுமானால், அந்தப் பட்டியலில் ஒவ்வொன்றாகப் போக வேண்டும். அடுத்த பதிவு எங்கே என்ற குறிப்பு, இப்போது கையில் உள்ள பதிவிலேயே இருக்கும். போகும் வழியில் இழை முடிந்து, அதன் பதிவை அழித்துவிட்டால்? அடுத்ததற்குப் போகும் வழியும் அதோடு போய்விடும்.

இதைக் கேட்டதும் எனக்குப் பழைய சம்பவம் ஒன்று ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது, ஓய்வூதியப் பிரிவு. பெட்டியில் உள்ள அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மாதப் பட்டியல் எழுத வேண்டும். நடுவில் ஒருவர் இறந்த தகவல் வந்தது. என் விரல் அப்போது அவருடைய அட்டையிலேயே இருந்தது. அதை உருவி வேறு பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். ஓர் அட்டை தள்ளி ஆரம்பித்துவிட்டேன். சரிபார்ப்பவர் அன்று விடுப்பு. பட்டியல் அப்படியே போனது. ஒரு விதவை அம்மாளுக்கு அந்த மாதம் பணம் வரவில்லை. அவர் வந்து ஜன்னல் ஓரம் நின்று, "என்னைச் செத்தவள்னு எழுதிட்டீங்களா, தம்பி?" என்று கேட்டார். என்னால் தலை நிமிர முடியவில்லை.

அதன் பிறகு, ஓர் அட்டையைத் தொடுமுன் அடுத்த அட்டையில் இடது கை விரலை வைத்துக்கொள்வேன். ஜிடிபி எழுதியவர்களும் இதையே செய்திருக்கிறார்கள்: இந்த இழையைத் தொடுமுன் அடுத்தது எது என்று தனியாகக் குறித்துக்கொள்வது. 2017-இல் வந்த 8.0 பதிப்பிலிருந்து ஜிடிபிக்கு சி ப்ளஸ் ப்ளஸ் 11 கட்டாயமானது. 2018-இல் பட்டியலையே மாற்றி அமைத்தார்கள். எல்லா நிரல்களுக்கும் சேர்த்து இருந்த ஒரே பேரேடு, நிரலுக்கு ஒன்றாகப் பிரிந்தது. பட்டியலைச் சுற்றி வரும் முறைகளுக்கும் தனித்தனிப் பெயர் வந்தது: எல்லா இழைகளும், முடிந்துபோகாத இழைகள் மட்டும், அழித்துக்கொண்டே போனாலும் ஆபத்தில்லாத முறை.

பெயர் தனியாக வந்ததில் ஒரு சௌகரியம். வரியைப் பார்த்ததும், சரிபார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்வி தெரிந்துவிடும். "இங்கே முடிந்துபோன இழையும் வர வேண்டுமா? சுற்றின் நடுவில் எதையாவது அழிக்கிறாயா?" எழுதியவர் கண்ணுக்கு இது சுலபத்தில் படாது. அவர் மனம் செய்ய வேண்டிய வேலையில் இருக்கும். விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்காது. என் மனமும் அன்று அப்படித்தான் இருந்தது.

பேரன் ஓர் இடத்தில் நின்றான். "இந்தச் சுற்றுக்குள்ளே இழை அழிஞ்சா என்ன ஆகும்?" என்று ஒரே வரி எழுதி அனுப்பினான். மறுநாள் பதில் வந்தது: ஆமாம், அதைக் கவனிக்கவில்லை, திருத்தி அனுப்புகிறேன்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பத்திரங்களில் கையொப்பத்துக்கு மேலே 'லு எ அப்ரூவே', படித்து ஒப்புக்கொண்டேன், என்று கையால் எழுதுவார்கள். படித்தது முதலில், ஒப்புக்கொண்டது பிறகு. அன்று என் பட்டியலை ஒருவர் படித்திருந்தால், அந்த அம்மாள் ஜன்னல் ஓரம் வந்து நின்றிருக்க வேண்டாம்.