டைனமோ சுழற்றிக் கேட்ட நாதஸ்வரம்

அண்மையில் கொழும்பில் ஒரு திருமண வீட்டில், கனடாவில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் என்னருகே அமர்ந்திருந்தார். பேச்சு யாழ்ப்பாணம் பற்றித் திரும்பியது. "அங்கிள், கரண்ட் இல்லாத அந்த அஞ்சு வருசமும் உங்களுக்குப் பொழுது எப்பிடிப் போனது?" என்று கேட்டார். "டைனமோ சுத்தினோம் தம்பி" என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் அந்தப் பதில் அரைகுறையானது என்று மனம் உறுத்தியது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

1990 ஜூன் மாதம் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில் நின்றது. குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மருந்துக்கும் கட்டுப்பாடு இருந்தது. மண்ணெண்ணெய் அளவோடு வந்தது. அதனால் விலை ஏறியது. அப்போது நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீட மாணவன். அப்பா ஆசிரியர். வீட்டில் அம்மாவும் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தங்கையும். ஒரு சம்பளத்தில் நான்கு பேர் வாழ்ந்த வீடு.

அக்காலத்து விளக்கை அறியாதவர்களுக்காக அதன் அமைப்பைச் சொல்ல வேண்டும். ஜாம் போத்தலின் அடியில் சிறிது பஞ்சு வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றுவோம். துவிச்சக்கரவண்டி ரியூபின் பழைய வால்வுக்குள் நூற்றிரியைச் செலுத்தி, கம்பியால் வளைத்துப் போத்தலுக்குள் இறக்குவோம். போத்தலே சிமிலியாகவும் அமையும், காற்றுக்கு அணையாது. ஒரு சிறு சுடர் எரியும். அந்தச் சுடரைச் சுற்றி ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது.

வானொலிக்கு வேறு வழி வேண்டியிருந்தது. பற்றரி கிடைப்பதில்லை, ஒளித்து விற்றவர்களிடம் வாங்க எங்களுக்கு வசதியில்லை. தீர்ந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்தும், ஓட்டையிட்டு உப்புத் தண்ணீர் விட்டும் இன்னும் சில நிமிடங்கள் உயிரூட்டிப் பார்ப்போம். அதுவும் முடிந்தபின் கைகொடுத்தது துவிச்சக்கரவண்டியின் டைனமோதான். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றினால் பின்சில்லு சுழலும். சில்லோடு உரசும் டைனமோ மின்சாரம் தரும். அது மாறுமின்னோட்டம் என்பதால் வானொலி திருத்துபவர்கள் நான்கு டயோட்டுகளும் ஒரு கபாசிற்றரும் கொண்ட சிறு இணைப்பொன்றைச் செய்து கொடுத்தார்கள். இயற்பியல் பாடம் வெறுத்த என் போன்ற கலைப்பீடத்தவரும் டயோட்டின் எந்த முனை எங்கே போக வேண்டும் என்பதை அறிந்திருந்தோம்.

எங்கள் வீட்டில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. இரவில் பி.பி.சி. தமிழோசை அரைமணி நேரம். அதற்கு நான் பெடல் சுழற்ற வேண்டும். அப்பாவும் அயலவர் நால்வரும் திண்ணையில் இருந்து கேட்பார்கள். எங்கே குண்டு விழுந்தது என்பதை எங்களுக்கு லண்டன்தான் சொல்லவேண்டியிருந்தது. செய்தி முடிந்தபின் கால்மணி நேரம் கசற் றெக்கோடர் எனக்கு. சுழற்றுவது நானே, கேட்பதும் நானே. கை சோர்ந்தால் பாடகரின் குரல் இறங்கும். உசாரானால் சுருதி ஏறும். சீரான தாளத்தில் சுழற்றுவதே ஒரு பயிற்சிதான்.

ஒரு நாள் இரவு அம்மா குசினியிலிருந்து வந்து திண்ணைத் தூணருகே நின்றார். "தம்பி, அந்தத் தோடியை ஒருக்காப் போடு ராசா" என்றார். அம்மா தனக்கென்று ஏதும் கேட்டு நான் அறிந்ததில்லை. அவர் கேட்டது அளவெட்டி என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரம், கோயில் திருவிழாவொன்றில் யாரோ பதிவுசெய்து, கை மாறி எங்களிடம் வந்த கசற். அன்று அரைமணி நேரத்துக்கு மேல் சுழற்றினேன். சுருதி கொஞ்சமும் இறங்கக்கூடாது என்ற பிடிவாதத்தோடு சுழற்றினேன். முடிந்ததும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பனங்கட்டியோடு ஒரு பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார். சீனி இல்லாத காலத்தில் அது எங்கள் வீட்டின் விருந்து.

கலைகள் அக்காலத்தில் செத்துவிடவில்லை என்பது வரலாறு. மின்சாரமில்லாத கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கியின் இரைச்சல் இல்லாமல், பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் நாதஸ்வரத்தையும் தவிலையும் நேராகக் கேட்டோம். அதற்குக் கட்டணமில்லை, வேண்டியது ஒரு பாயும் பொறுமையும். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் அந்த ஆண்டுகளிலும் எழுதிக்கொண்டிருந்தார். 1985இல் மேடையேறிய 'மண் சுமந்த மேனியர்' வழியாக அவரை அறிந்திருந்த நாங்கள், 'அன்னை இட்ட தீ', 'எந்தையும் தாயும்' ஆகியவற்றில் எங்கள் வீடுகளையே கண்டோம். பிள்ளைகள் வெளிநாடு போக, முதியவர்கள் தனித்துப்போன வீடுகள் எங்கள் ஒழுங்கையிலும் இருந்தன. ஐந்தாறு மைல் சைக்கிள் மிதித்துப்போய் நாடகம் பார்த்துத் திரும்பியவர்கள் பலர். நான் பார்த்தவற்றிற் பல பகலில் நடந்தவை; சூரிய வெளிச்சத்துக்குத் தடை போட எவராலும் முடியவில்லை.

பத்திரிகைகளும் நிற்கவில்லை. அச்சுத்தாள் வராதபோது கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலும் கிடைத்த வேறு தாள்களிலும் நாளிதழ் வந்தது. ஒரு பிரதி பத்து வீடுகளுக்குப் போய், இறுதியில் கடையில் சரை சுற்றும் தாளாகும். பத்திரிகைத் தொழிலுக்கு நான் வந்ததற்கு அந்தக் கோடிட்ட தாள்களும் ஒரு காரணம் எனலாம்.

ஆனால் இத்துடன் நிறுத்தினால் நான் பொய் சொன்னவனாவேன்.

ஒரு நாள் நண்பனொருவன் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு நாவல் ஒன்றைத் தந்தான். மறுநாள் காலை திருப்பிக் கொடுக்க வேண்டும், அடுத்தவர் காத்திருந்தார். எல்லோரும் உறங்கியபின் விளக்கை எடுத்துக்கொண்டு விடியும்வரை வாசித்தேன். மூன்று தடவை மண்ணெண்ணெய் ஊற்றினேன். மறுநாள் மாலை தங்கை போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தாள். அவளுடைய பரீட்சைக்கு இரண்டு கிழமை இருந்தது. சங்கக் கடைக்கு எண்ணெய் வர இன்னும் நான்கு நாள். அவள் என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பொழுது சாயும்வரை முற்றத்தில் இருந்து படித்தாள். பின்னர் அயல்வீட்டு விளக்கடிக்குக் கொப்பியோடு போனாள். அந்த நாவலின் கதை இன்று எனக்கு மங்கலாகவே நினைவிருக்கிறது. அவள் ஒழுங்கையில் நடந்துபோன முதுகு தெளிவாக நினைவிருக்கிறது.

வறிய வீட்டில் கலை இலவசமாக வருவதில்லை. யாரோ ஒருவர் அதற்குச் செலுத்துகிறார். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் செலுத்துகிறார்கள். நான் டைனமோ சுழற்றியபோது அம்மா இருட்டில் பாத்திரம் கழுவினார். சவர்க்காரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தவரும் அவரே. இப்போது வெளிநாட்டுக் கூட்டங்களில் எம்மவர்கள் "தடையை வென்றோம், எவ்வளவு கெட்டித்தனம்" என்று பேசும்போது எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கெட்டித்தனம் உண்மை. மருந்தில்லாமல் போனவர்களும் உண்மை. 1993 ஜனவரி 2இல் கிளாலிக் கடலில் படகுகளிலேயே கொல்லப்பட்ட பயணிகளும் உண்மை. டைனமோவின் கதையைச் சொல்பவர் இவற்றையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர்.

1994 ஆட்சி மாற்றத்தின் பின் சில பொருட்களுக்கான தடை தளர்ந்தது. 1995 ஜனவரியில் போர்நிறுத்தம் வந்து ஏப்ரலில் முறிந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மழை இருட்டில், நெருக்கியடித்த சனத்துக்குள் நாங்களும் நகர்ந்தோம். சைக்கிளில் அரிசியும் பாத்திரங்களும் ஏறின. கசற்றுகளுக்கு இடமிருக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகளே இல்லை. கசற்றைத் தேடுவது எப்படி?

தங்கை அந்தப் பரீட்சையில் சித்தியடைந்தாள். இப்போது வெளிநாடொன்றில் ஆசிரியையாக இருக்கிறாள். அம்மா காலமாகிவிட்டார். சில வருடங்களுக்கு முன் தங்கையிடம் தொலைபேசியில் அந்த இரவைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அது எனக்கு ஞாபகமில்லை அண்ணை" என்றாள். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாவுக்கு நீங்கள் தோடி போட்டது ஞாபகம் இருக்கு. நான் அப்ப நித்திரை மாதிரிக் கிடந்து கேட்டனான்" என்றாள்.

அந்த இளைஞருக்கு நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்.