சோடியாய் வென்ற குணாளன்

ஒற்றையராட்டத்தில் வென்றவனுடைய பெயர் ஊர்ப் பிள்ளைகளின் வாயிலும் நிலைத்து நிற்க, இரட்டையராட்டத்தில் உலகையே வென்றவர்களுடைய பெயர்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, ஈற்றில் பழைய பட்டியலொன்றின் ஒரு வரியிலே ஒடுங்கிப் போகின்ற அநியாயம் பூப்பந்தாட்டத்தின் சரித்திரமெங்கும் காணக்கிடக்கின்றது. இந்தோனேசியாவின் ரூடி ஹார்த்தோனோவை அறியாத பூப்பந்து ரசிகர் இல்லை; அதே ஹார்த்தோனோவையும் அவருடைய சோடியையும் 1971ஆம் ஆண்டு இலண்டன் வெம்பிளி மண்டபத்தில், அகில இங்கிலாந்துப் போட்டியின் இரட்டையர் இறுதியாட்டத்திலே தோற்கடித்த இருவருள் ஒருவர் மலேசியத் தமிழர் என்பதை அறிந்தவர்கள் எங்கள் புத்தூரில் எத்தனை பேர்? பஞ்ச் குணாளன் என்னும் அவருடைய விருத்தாந்தமே இவ்வார விஷயம்.

மலாயா என்பது யாழ்ப்பாணத்தவனுக்கு அந்நிய தேசமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைக்கூறு தொடக்கம் இருப்புப்பாதைக் கந்தோர்களிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் உத்தியோகம் பார்க்கக் கப்பலேறி, ‘மலாயன் பென்சனியர்’ என்ற கௌரவத்தோடு திரும்பிவந்து கல்வீடு கட்டியவர்கள் இல்லாத கிராமம் வலிகாமத்தில் அரிது. அக்கரைச் சீமையிலே பூப்பந்து பெற்றிருந்த செல்வாக்கை அன்னார் திண்ணைகளிலிருந்து வர்ணிக்கக் கேட்டவர்களுக்கு, ஆட்டம் ஒரு மண்டபத்துக்குள்ளே நடைபெறுவதென்பதே அதிசயமாயிருந்தது. ஏனெனில் எங்கள் பக்கத்திலே வளவில் இரண்டு கமுகங் கம்புகளை நாட்டி, சாம்பலாலே கோடு கீறி ஆடுகின்றவர்களுக்குச் சோழகமே முதல் எதிரி. ஐந்தரைக் கிராமுக்கு மேற்படாத நிறையும் பதினாறு இறகுகளும் கொண்ட அந்தப் பந்து, வைகாசி ஆனியிலே வேலிக்கு மேலால் அயல் வளவுக்குப் போய்விடும். ஆகையால் காற்று விழுந்திருக்கும் விடியற்புறத்திலோ, இராக்காலத்தில் விளக்கு வெளிச்சத்திலோதான் ஆட்டம். நாற்பத்துநான்கு அடி நீளமும் இருபது அடி அகலமும் உடைய தளத்தில் இருவர் இருவராய் நிற்பது ஊராருக்குப் பிடித்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு: ஒரு பந்துக்கு நால்வர் ஆடலாம், செலவு குறைவு!

குணாளன் 1944ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் தலையெடுத்த காலத்தில் மலேசியாவின் இரட்டையர் சோடி என்றால் அது இங் பூன் பீயும் டான் யீ கானுமே. 1965இலும் 1966இலும் அகில இங்கிலாந்துப் பட்டத்தைக் கைப்பற்றிய இவ்விருவரும், 1967இல் ஜகார்த்தாவிலே நடைபெற்ற தோமஸ் கிண்ண இறுதிப்போட்டியிலும் மலேசிய அணியின் பெரும் பலமாய் விளங்கினர். அந்நாளில் தோமஸ் கிண்ணத்தின் ஒன்பது ஆட்டங்களுள் நான்கு இரட்டையர் ஆட்டங்களாகையால், நல்ல சோடியொன்று வாய்த்த நாடு பாதி வென்ற நாடு. அந்த இறுதிப்போட்டியிலே இந்தோனேசியாவுக்கு எதிராக மலேசியா நாலுக்கு மூன்று என்று முன்னின்ற வேளையில் பார்வையாளரின் கூச்சலும் குழப்பமும் எல்லை மீறவே, ஹேர்பர்ட் ஷீல் என்னும் மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்; வேறோரிடத்தில் தொடர்ந்து ஆட இந்தோனேசியா சம்மதியாமையால், கிண்ணம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் மலேசியாவைச் சேர்ந்தது.

பின்பு முதுகு உபாதையினாலே டான் யீ கான் ஆட்டத்தை விட்டு விலகிக் கோல்ப் பக்கம் போய்விட, பூன் பீ தனித்து நின்றார். முப்பது வயதைத் தாண்டிய, உலகத்தின் மிகச் சிறந்த இரட்டையர் வீரர் என்று பெயரெடுத்துவிட்ட ஒருவருக்கு, ஏழு வயது இளையவரான குணாளன் சோடியாய் வந்தமை எளிய காரியமன்று. கீர்த்தி பெற்ற சோடியிலே இரண்டாமவராய் இடம் பிடிப்பவன், தான் விடும் பிழைக்கெல்லாம் முன்னிருந்தவனுடைய ஞாபகத்தோடு ஒப்பிடப்படுவான். ஆனால் 1970ஆம் ஆண்டு முடிவதற்குள் அந்த ஒப்பீடு ஓய்ந்துவிட்டது. எடின்பரோவிலே பொதுநலவாய விளையாட்டு விழாவில் இரட்டையர் தங்கம், பாங்கொக்கிலே ஆசிய விளையாட்டு விழாவில் பூன் பீயோடு இரட்டையர் தங்கமும், அதன்மேல் தாமே தனித்து ஒற்றையர் தங்கமும், மறுவருஷம் வெம்பிளி.

இவருடைய பெருமையை இக்காலத்து வாசகர் உணரவேண்டுமானால் அக்காலத்துக் கணக்கு முறையைச் சற்றே விளங்கிக்கொள்வது அவசியம். பந்தைப் போடும் பக்கத்தாருக்கு மாத்திரமே புள்ளி கிடைக்கும்; எதிர்ப் பக்கத்தார் வென்றால் அவர்களுக்குப் புள்ளியில்லை, பந்து போடும் உரிமையைப் பறிக்கும் வழி மாத்திரம் திறக்கும். அதிலும் இரட்டையராட்டத்தில், முதலாமவர் தோற்றவுடன் உரிமை எதிர்ப் பக்கம் போவதில்லை. அவருடைய சோடி இரண்டாவதாய்ப் போடுவார், அவரும் தோற்றபின்பே பந்து கைமாறும். ஆட்டத்தின் தொடக்கத்திலே மாத்திரம் முதலிற் போடும் பக்கத்தாருக்கு ஒரே வாய்ப்பு. பதினைந்து புள்ளிக்கான ஆட்டத்தில் பதினான்குக்கு ஐந்து என்று பின்தங்கியவர்களும், அந்த இரண்டாவது வாய்ப்பைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாய் ஏறிவரக்கூடும். புள்ளி எதுவும் அசையாமலே பத்து நிமிஷம் கழிவதும் உண்டு. அடித்துக் கொல்லுகின்றவனைப் பார்க்கிலும் அலுக்காமல் நிற்கின்றவனுக்கே அந்த ஆட்டம் உரியது. விடாப்பிடிக்குப் பெயர்போன குணாளனுடைய சுபாவம் அதற்கென்றே அமைந்ததாய் எனக்குத் தோன்றுவதுண்டு. பூன் பீ வலையோரத்தில் மின்னலாய் நிற்க, குணாளன் பலவகை அடிகளையும் கையாண்டு தளத்தின் மற்றப் பாகத்தைக் காத்து நின்றார்.

1972ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி மியூனிக் ஒலிம்பிக்கிலே பூப்பந்தாட்டம் முதன்முதலாகக் காட்சி விளையாட்டாய் இடம்பெற்றது. பூன் பீயும் குணாளனும் இறுதியாட்டம் வரை சென்று, அடே சந்திரா, கிறிஸ்தியான் ஹடினாதா என்னும் இந்தோனேசிய இளைஞரிடம் தோற்று இரண்டாமிடம் பெற்றார்கள். மறுநாள் விடியற்காலையிலே இஸ்ரேலிய வீரர்கள் தங்கியிருந்த விடுதிக்குள் ஆயுததாரிகள் புகுந்த கொடுமை உலகத்தின் கண்களையெல்லாம் தன்பால் இழுத்துக்கொண்டமையால், அந்தப் பூப்பந்துப் பதக்கங்களைப் பற்றி நினைக்க எவருக்கும் அவகாசமிருக்கவில்லை. உத்தியோகபூர்வமான ஒலிம்பிக் பதக்கத்துக்குப் பூப்பந்து 1992ஆம் ஆண்டு பார்சலோனா வரை காத்திருக்க நேர்ந்தது.

1974இல் கிறைஸ்ட்சேர்ச்சிலே பொதுநலவாய ஒற்றையர் தங்கத்தை வென்ற குணாளன், அதே வருஷம் அகில இங்கிலாந்து ஒற்றையர் இறுதியாட்டத்தில் ஹார்த்தோனோவுக்கு எதிரே நின்று தோற்றார். முப்பது வயதான இரட்டையர் வீரர் ஒருவர் ஒற்றையரிலும் அவ்வளவு தூரம் போனது சாமானியமன்று. அக்காலத்து ஆட்டக்காரருக்குக் கிண்ணமும் கைதட்டலுமே ஊதியம். பரிசுப் பணத்தோடு உலகைச் சுற்றிவரும் போட்டித்தொடர் 1983இல்தான் பிறந்தது. இன்று அதே மலேசியாவிலிருந்து, பெர்லி டானோடு சோடி சேர்ந்து 2025இல் உலகச் சம்பியன்ஷிப் போட்டியில் வெள்ளி வென்ற தீனா முரளிதரனுக்கு ஆட்டமே தொழில்.

ஆட்டத்தை விட்டபின் குணாளன் நிர்வாகத்தில் இறங்கிச் சர்வதேச சம்மேளனத்தின் பிரதித் தலைவராய் உயர்ந்தார். சம்மேளனத்தின் தலைமையகம் இங்கிலாந்திலிருந்து கோலாலம்பூருக்கு 2005இல் மாறியதிலும், 2006இல் கணக்கு முறையே அடியோடு மாறியதிலும் அன்னாருடைய கை பெரிது. ஏழு புள்ளிச் சுற்றுகள் ஐந்து என்றொரு முறையைப் பரீட்சித்துக் கைவிட்டிருந்த சம்மேளனம், இருபத்தொரு புள்ளி, யார் போட்டாலும் வென்றவருக்குப் புள்ளி என்ற முறைக்கு வந்தது. தொலைக்காட்சிக்காரருக்கு ஆட்டம் எப்பொழுது முடியுமென்று தெரியவேண்டியிருந்தது என்பது நியாயமே. ஆயினும் அந்த மாற்றத்தால் இரட்டையராட்டத்தின் இரண்டாவது வாய்ப்பு இல்லாதொழிந்தது; அந்த வாய்ப்பிலே வாழ்ந்து வென்றவரே அதை நீக்க முன்னின்றார். பழைய ஆட்டத்தின் சுவை கண்ட என்போன்றோர் இதனை மன்னிக்கத் தயங்கினாலும், புதிய முறையிலே ஆட்டம் வேகம் பெற்றதை மறுக்க முடியாது. 2012ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி குணாளன் காலமானார். பூன் பீ பத்து வருஷங்கள் பின்னரும் வாழ்ந்து, 2022இல் மறைந்தார்.

கணக்கை மாற்றியவர் கதை இது. அதற்கு முன்னரே, பந்தைப் போடும் முறையைக் கொண்டே எதிரிகளைத் திணறடித்து, 1982இல் சம்மேளனம் அம்முறையைத் தடைசெய்யும் நிலைக்குக் கொண்டுவந்த மலேசிய சகோதரர்களாகிய ரசீப் சிடேக், ஜெலானி சிடேக் ஆகியோரை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)